வாழ்வியல் பயிற்றுநர்

எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும், ஆறாம் படிவமா, மெட்ரிகுலேஷனா, பாலிடெக்னிக்கா என்று மாணவர் பலர் திகைக்கின்றனர். பெற்றோரும் நண்பர்களும் ஆளுக்கொரு வழி கூறுவர். வாழ்வியல் பயிற்றுநரோ வழி கூறுவதில்லை, கேள்வி கேட்கிறார்.

இம்முறையின் வேர்களுள் ஒன்று விளையாட்டுத் திடலில் உள்ளது. ஆட்டக்காரரின் மனத்தில் எழும் ஐயமும் பதற்றமுமே அவருக்குப் பெருந்தடை என்று அமெரிக்க டென்னிஸ் பயிற்றுநர் திமொத்தி கால்வே 1974இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அவருடைய கருத்துகளைப் பின்பற்றிய முன்னாள் கார் பந்தய வீரர் ஜான் விட்மோர், 1992இல் வெளியான தம் நூலின்வழி நான்கு படிநிலைகளைப் பரவலாக்கினார். அவை இலக்கு, இன்றைய நிலை, வாய்ப்புகள், செயலுறுதி என்பனவாகும்.

சமையற்கலை பயில விரும்பும் மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். “உன் இலக்கு என்ன? இப்போது உனக்கு என்ன தெரியும்? என்னென்ன வழிகள் உள்ளன? இவ்வாரம் எதைச் செய்வாய்?” எனப் பயிற்றுநர் கேட்பார். “சனிக்கிழமை மாமாவின் உணவகத்தில் வேலை செய்து பார்ப்பேன்” என மாணவரே முடிவெடுப்பார். தாமே எடுத்த முடிவாதலால், அதை நிறைவேற்றும் பொறுப்பையும் அவர் உணர்வார்.

ஆயினும், இது மருத்துவமன்று. மனச்சோர்வு நீடித்தால் பள்ளி ஆலோசகரையோ மருத்துவரையோ நாட வேண்டும். மலேசியாவில் ஆலோசகர்கள் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற வேண்டும். பயிற்றுநரை நாடுவோரும் அவர் பெற்ற பயிற்சியை முதலில் கேட்டறிதல் நன்று.

நல்ல பயிற்றுநர் நம்மை என்றும் தம்மைச் சார்ந்திருக்க விடமாட்டார். சரியான கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்ளப் பழக்குவார்.