பூட்டு உடையேல்ல, திறப்பு உள்ளுக்கதான் இருந்தது



இந்தக் கிழமை எபிசோட்டில வேலையிடப் பாதுகாப்பைப் பற்றிக் கதைச்சனாங்கள். டெஜார்டான் கதையை இரண்டு நிமிசத்தில ஓட்டிப்போட்டன், நேரம் காணேல்ல. கேட்டவர்களில் கனபேருடைய வீட்டுக்கும் அந்தக் கடிதம் வந்திருக்கும். அதால இங்க ஆறுதலாக எழுதுறன்.

2019 கோடைகாலம், ரொக்ஸ்பரோவில எங்கட குசினி மேசை. அம்மா ஒரு கடிதத்தை நீட்டினா. பிரெஞ்சில இருந்தது. "தம்பி, இது என்னெண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லு." உங்கட வீட்டிலயும் அடிக்கடி கேட்கிற வசனம்தான். நான் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "பாங்கை யாரோ ஹாக் பண்ணிட்டாங்கள் அம்மா" எண்டன். கொம்பியூட்டர் சயன்ஸ் படிச்ச பிள்ளை சொன்னால் அம்மா நம்பத்தானே செய்வா.

நான் சொன்னது பிழை. யாரும் வெளியில இருந்து உடைக்கேல்ல.

2019 ஜூன் 20 அன்று, 29 இலட்சம் அங்கத்தவர்களுடைய விபரங்கள் வெளியே போய்விட்டதாக டெஜார்டான் அறிவித்தது. நவம்பரில் அந்தத் தொகை 42 இலட்சமானது. 2020 டிசம்பரில் கனடாவின் தனியுரிமை ஆணையாளரும் கியூபெக்கின் தகவல் அணுகல் ஆணைக்குழுவும் விசாரணை முடிவை வெளியிட்டபோது 97 இலட்சம் பேர் எண்டு தெரிந்தது. அப்ப கியூபெக்கின் முழுச் சனத்தொகையே 90 இலட்சத்துக்குக் குறைவு. கணக்கை மூடிவிட்டுப் போனவர்களுடைய விபரங்களும் அதுக்குள்ள இருந்தது. தேவை முடிஞ்ச பிறகும் அதை ஒருத்தரும் அழிக்கேல்ல.

எப்படி நடந்தது? வாடிக்கையாளர் விபரங்கள் ஒரு தரவுக் களஞ்சியத்தில இருந்தது. அதுக்குள்ள எல்லாரும் போக ஏலாது. ஆனால் சந்தைப்படுத்தல் பிரிவில் அனுமதி இருந்தவர்கள், தங்கட வேலைக்காக அந்த விபரங்களை எடுத்து, பிரிவில் எல்லாரும் பாவிக்கிற பொது ஃபோல்டருக்குள்ள கொப்பி பண்ணிப் போட்டார்கள். களஞ்சியத்துக்குள்ள போக அனுமதி இல்லாதவரும் அந்த ஃபோல்டரைத் திறக்கலாம். அப்படித் திறந்த ஒரு ஊழியர் குறைந்தது 26 மாதமாக அதை யூ.எஸ்.பி கீயில ஏற்றிக் கொண்டுபோயிருக்கிறார். பெயர், பிறந்த திகதி, விலாசம், சமூகக் காப்புறுதி இலக்கம் எல்லாம் போனது.

பாஸ்வேர்டும் பின் நம்பரும் போகேல்ல எண்டு டெஜார்டான் சொன்னது. கேட்க ஆறுதலாக இருக்கும். ஆனால் பாஸ்வேர்டை அஞ்சு நிமிசத்தில மாத்தலாம், அம்மாவின்ர பிறந்த திகதியை மாத்த ஏலாது. 2022 இல் நீதிமன்றம் 20 கோடி டொலர் வரையான இழப்பீட்டுக்கு ஒப்புதல் குடுத்தது. அடையாளம் திருடப்பட்டவர்களுக்கு 1,000 டொலர் வரை, அலைஞ்ச நேரத்துக்கு 90 டொலர் வரை.

இப்ப என்ர கதை. நான் கொன்ராக்ட்டில வேலை செய்யிற ஆள். ஆறு மாதம் ஒரு இடம், எட்டு மாதம் இன்னொரு இடம். ஒரு இடத்தில வேலை முடிஞ்சு, லப்டொப்பையும் கார்டையும் குடுத்துவிட்டு வந்திட்டன். நாலு மாதம் கழிச்சு வீட்டில என்ர கொம்பியூட்டரில பழைய லிங்க் ஒண்டைத் தவறுதலாக அமத்தினன். நேர உள்ளுக்க போகுது! சம்பள விபரம் இருக்கிற ஃபோல்டர்கூடத் தெரியுது. உடன மூடிவிட்டு அவைக்கு ஈமெயில் போட்டன். "நன்றி" எண்டு ஒரு சொல்லில பதில் வந்தது. கார்டை வாங்கிற ஆளுக்கு ஒரு லிஸ்ட் இருந்தது, லொகினை நிப்பாட்டிற வேலை ஒருத்தற்ற லிஸ்டிலயும் இருக்கேல்ல. பாதுகாப்பு மென்பொருளுக்குக் காசைக் கொட்டின கொம்பனி அது.

கியூபெக்கில இப்ப 25 ஆம் இலக்கச் சட்டம் இருக்கு. 2021 செப்டம்பரில் நிறைவேறி, 2022 முதல் 2024 வரை ஒவ்வொரு செப்டம்பரிலும் பகுதி பகுதியாக அமுலுக்கு வந்தது. இது பெரிய வங்கிகளுக்கு மட்டும் எண்டு நினைக்காதேங்கோ. உங்கட மாமா பலசரக்குக் கடை வைச்சிருந்து வாடிக்கையாளர்களின் ஃபோன் நம்பர் சேர்த்தால், அவருக்கும் பொருந்தும். வேறு ஒருவரை நியமிக்காவிட்டால் பொறுப்பாளர் அவரேதான். உங்கட அக்கா வீட்டில ரியூசன் நடத்தி, கூகிள் ஃபோர்மில பிள்ளைகளின் விபரம் எடுத்தால், 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பெற்றோரின் சம்மதம் வேணும். எடுத்த நோக்கம் முடிஞ்சால் அழிக்க வேணும், அல்லது ஆளை அடையாளம் காண ஏலாதபடி மாத்த வேணும். போன வருசம் படிச்ச பிள்ளைகளின் லிஸ்ட் இன்னும் இருக்கா எண்டு அக்காவைக் கேட்டுப் பாருங்கோ.

இந்தக் கிழமை செய்யக்கூடிய மூண்டு வேலை சொல்லுறன்.

ஒண்டு: அம்மா அப்பாவுக்கு கிரெடிட் ஃப்ரீஸ் போடுங்கோ. 2023 பெப்ரவரியில இருந்து கியூபெக்கில எக்விஃபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் இரண்டிலயும் இலவசம். போட்டால் அவர்களின் பெயரில வேற ஆள் கடன் எடுக்கிறது கஷ்டம். வீட்டுக்கடன், கார்க் கடன் எடுக்கிற நேரத்தில தற்காலிகமாக எடுத்துவிடலாம்.

இரண்டு: வேலை மாறும்போது, "என்ர அக்கவுண்ட் எல்லாம் நிப்பாட்டியாச்சா?" எண்டு எழுத்தில கேளுங்கோ. பிறகு ஏதும் நடந்தால் உங்களில கை நீட்ட ஏலாது.

மூண்டாவதுதான் எனக்குக் கஷ்டமானது. அம்மாவின்ர பாங்க், ஈமெயில், வருமான வரி எல்லாம் நான்தான் திறந்து குடுத்தனான். பாஸ்வேர்ட் எல்லாம் என்ர ஃபோனில இருக்கு. பாங்கில இருந்து வாற கோட்கூட என்ர நம்பருக்குத்தான் வருது. அம்மா தன்ர கணக்கைப் பார்க்க வேணுமெண்டால் என்னை எழுப்ப வேணும். டெஜார்டானில ஒரு ஆளுக்குத் தேவைக்கு மிஞ்சின அனுமதி இருந்தது எண்டு மேல எழுதினன். எங்கட வீட்டில அந்த ஆள் நான். கெட்ட எண்ணம் இல்லைதான், ஆனால் என்ர ஃபோன் துலைஞ்சால் போறது அம்மாவின்ர காசு.

போன ஞாயிறு அதே மேசையில இருந்து கோட் வாற நம்பரை அம்மாவின்ர ஃபோனுக்கு மாத்தினோம். புதுப் பாஸ்வேர்டை அவவே தெரிவு செய்தா. "என்ன போட்டனியள்?" எண்டு வாய் தவறிக் கேட்டுப்போட்டன்.

"உனக்கு ஏன் அது?" எண்டா அம்மா.

உங்கட வீட்டில எப்பிடி எண்டு பதில் எழுதுங்கோ. அடுத்த எபிசோட்டில சந்திப்பம்.