38 ஜிபிக்கு 14 மணி நேரமா?

லினக்ஸ் சர்வரிலிருந்து விண்டோஸ் சர்வருக்கு டேட்டாவை மாற்றப்போய், போன மாசம் ஒரு முழு நாள் முழி பிதுங்கிவிட்டது. ஆறு தானியங்கி வானிலைக் கருவிகளின் நாலு வருடப் பதிவு அது. பத்து நிமிடத்துக்கு ஒரு கோப்பு, ஒவ்வொன்றும் சராசரியாக 30 கேபி. மொத்தம் பன்னிரண்டரை லட்சத்துக்கும் மேல். பழைய லினக்ஸ் மெஷினின் ஹார்ட் டிஸ்கில் பழுதான செக்டர்கள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டிருந்தன. வேறு பிரதி கிடையாது. (ஏன் இல்லை என்று கேட்காதீர்கள்.)

சாம்பா வழியாக ஃபோல்டரைத் திறந்து, விண்டோஸிலிருந்து காப்பி போட்டேன். நொடிக்கு 25 கோப்பு, அதாவது முக்கால் எம்பி. கணக்குப் போட்டால் 14 மணி நேரம். அதுவரை டிஸ்க் உயிரோடு இருக்கணுமே!

முதல் சந்தேகம் நெட்வொர்க் மேல்தான். நெட்வொர்க் பார்க்கிற நண்பரைக் கொஞ்சம் கோபமாகவே கூப்பிட்டேன். "முதல்ல ஐபெர்ஃப்3 ஓட்டிப் பாருங்க, அப்புறம் திட்டுங்க" என்றார். ஐபெர்ஃப் டிஸ்க்கைத் தொடாது, இரண்டு மெஷினுக்கும் நடுவிலுள்ள வழியை மட்டும் அளக்கும். 940 மெகாபிட் வந்தது. அது பிட் கணக்கு. எட்டால் வகுத்தால் நொடிக்கு 117 எம்பி. ஒரு கிகாபிட் லைனில் இதுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. எதிர்த்திசையிலும் ஓட்டிப் பார்த்தேன், அதே அளவு. இதை விட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் படுத்தால் டூப்ளெக்ஸ் பொருந்தவில்லையா, கேபிள் பழுதா என்று பார்க்கணும்.

அடுத்து, 4 ஜிபி கோப்பு ஒன்றை அதே சாம்பா வழியில் அனுப்பினேன். நொடிக்கு 105 எம்பி. விஷயம் இங்கேதான் பிடிபட்டது. வழியும் சரி, சாம்பாவும் சரி, பிரச்சினை கோப்புகளின் எண்ணிக்கை.

ஒரு கோப்பை நகலெடுப்பது என்பது ஒரே வேலை இல்லை. திற, விவரம் சொல், படி, மூடு என்று ஒவ்வொன்றுக்கும் கேள்வியும் பதிலும் போய்வர வேண்டும். எழுதும் பக்கத்தில் விண்டோஸின் ஆன்டிவைரஸ் ஒவ்வொரு புதுக் கோப்பையும் முகர்ந்து பார்க்கும். டிஸ்கின் முள்ளும் இடம் தேடி அலையணும். ஒரு கோப்புக்கு 40 மில்லிசெகண்ட் சாதாரணமாகத் தெரியும். பன்னிரண்டு லட்சம் தடவை சேரும்போதுதான் வலிக்கும்.

ரோபோகாப்பியில் பல இழைகள் ஓடவிடலாம், நல்ல டிஸ்க்காக இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். சாகக் கிடக்கிற டிஸ்கை எட்டுப் பேர் எட்டுப் பக்கம் இழுப்பது சரியாகப் படவில்லை.

கடைசியில் திசையைத் திருப்பினேன். விண்டோஸ் ஃபோல்டரை லினக்ஸில் மவுன்ட் செய்து, டார் கட்டளையின் வெளியீட்டை நேராக அதில் ஒரே கோப்பாக எழுதவிட்டேன். கோப்புப் பெயர்களில் நேரத்துக்காக முக்காற்புள்ளி இருந்தது. விண்டோஸ் அதை ஏற்காது, ஆகவே டாரிலேயே அதை இடைக்கோடாக மாற்றச் சொன்னேன். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தது. பிரித்தெடுப்பது அதுக்கப்புறம் மெதுவாகத்தான் நடந்தது, ஆனால் அதற்குள் டேட்டா பத்திரமான இடத்துக்கு வந்துவிட்டதே.

ஒரு எச்சரிக்கை. படிக்க முடியாத இடம் வந்தால் டார் நின்றுவிடாது. அந்த இடத்தைப் பூஜ்ய பைட்டுகளால் நிரப்பி, ஒரு பிழை வரி மட்டும் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். கோப்பின் அளவு சரியாகவே இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. பிழை வரிகளைத் தனிக் கோப்பில் சேமித்திருந்ததால் எனக்குத் தெரிந்தது: மூன்று கோப்புகள் போச்சு. ஒரே கருவியின் அரை மணி நேரம். அந்த இடத்தை அட்டவணையில் வெற்றாகவே விட்டிருக்கிறேன்.