போடிமெட்டு பனியில் காணாமல் போன தோள்!

பட்டனை அமுக்கினால் 2 விநாடியில் ஆள் தனியாக வந்துவிடுகிறார், ஆனால்...

போடிநாயக்கனூர்:

காலை 11 மணி. போடியில் உள்ள ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்குள் மூச்சு வாங்க ஓடி வந்தார் ஓர் இளைஞர். கையில் செல்போன்.

"அண்ணே, அப்பா தவறிட்டாரு. சாயங்காலம் 4 மணிக்கு எடுக்குறோம். அதுக்குள்ள போஸ்டர் ஒட்டணும்ணே."

அப்பா ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். விடியுமுன் ஜீப் ஏறி மலைக்குப் போவார். பொழுது சாய இறங்கி வருவார். தனியாக நின்று போட்டோ எடுத்துக் கொண்டதே இல்லையாம். இருப்பது ஒரே படம். போடிமெட்டில் ஜீப் முன்னால் கூட வேலை பார்ப்பவர்களோடு நிற்கும் படம்.

போடிமெட்டைப் பற்றி நம்ம பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொண்டை ஊசி வளைவு 17-ஐயும் ஏறி முடித்தால் கேரள எல்லை. பனி இறங்கினால் எதிரே நிற்கும் ஆள் தெரியாது. இந்தப் படமும் பனியில் எடுத்ததுதான். அப்பா போட்டிருந்ததோ வெள்ளைச் சட்டை!

கடைப் பையன் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அமுக்கினான். 2 விநாடிதான். கூட்டத்தில் இருந்து அப்பா மட்டும் தனியாக வந்து நின்றார்.

ஆனால் இடது தோளைக் காணோம்!

பனியும் வெள்ளை, சட்டையும் வெள்ளை. தோளையும் பனி என்று எண்ணி மிஷின் வெட்டித் தள்ளிவிட்டது. போதாக்குறைக்குப் பக்கத்தில் நின்றவரின் 4 விரல் அப்பாவின் வலது தோளில் ஒட்டிக் கொண்டு வந்துவிட்டது. இளைஞரின் முகம் சுருங்கிப் போயிற்று.

பிளேடு முதல் பட்டன் வரை

உள்ளே இருந்து கடைக்காரர் எழுந்து வந்தார். வயது 50-ஐத் தாண்டியவர். நெகட்டிவ் காலத்து ஆள்.

"அப்பல்லாம் பிளேடால வெட்டி ஒட்டுவோம் தம்பி. இல்லாட்டி நெகட்டிவ்ல ஆளைச் சுத்தி மை தடவுவோம். பிரிண்ட் போட்டா அந்த இடம் வெள்ளையா விழும். கை நடுங்கினா காது போயிரும்" என்று நம்மிடம் சொல்லிக் கொண்டே மவுசைப் பிடித்தார்.

1990-ல் போட்டோஷாப் வந்தது. 1995-ல் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்டென்சன், பாரெட் என்ற இருவர் ஒரு வழி கண்டார்கள். ஓரத்தை ஒட்டி மவுசை நகர்த்தினால் கோடு தானே ஓரத்தில் போய் ஒட்டிக் கொள்ளும். 2004-ல் மைக்ரோசாப்ட் ஆராய்ச்சியாளர்கள் 'கிராப்கட்' முறையைக் கொண்டு வந்தார்கள். ஆளைச் சுற்றி ஒரு கட்டம் போட்டால் போதும். கட்டத்துக்கு வெளியே உள்ள நிறம் எது, உள்ளே உள்ள நிறம் எது என்று ஒப்பிட்டு மிஷினே வெட்டும்.

2018-ல் போட்டோஷாப்பில் அந்தக் கட்டமும் தேவையில்லாமல் போயிற்று. 2022-ல் ஐபோனில் படத்தை விரலால் அழுத்திப் பிடித்தாலே ஆள் தனியாக எழுந்து வந்தார்!

2023-ல் மெட்டா கம்பெனி வெளியிட்ட மிஷினுக்குப் பாடமாக அமைந்தவை 1 கோடியே 10 லட்சம் படங்கள். அவற்றில் இருந்த வெட்டுக் கோடுகள் 110 கோடிக்கு மேல்!

மார்க் போடும் மிஷின்

இவ்வளவு படித்த மிஷின் தோளை ஏன் விட்டது?

படம் என்பது வெறும் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 'இது ஆளா, பின்னணியா' என்று மிஷின் மார்க் போடுகிறது. ஆள் என்றால் வெள்ளை. பின்னணி என்றால் கறுப்பு. தலைமுடி போல இரண்டும் கலந்த இடம் என்றால் சாம்பல். இதற்கு 'மாஸ்க்' என்று பெயர். பார்த்துப் பழகியதை வைத்துப் போடும் மதிப்புத்தான் அது. நிறம் மாறாத இடத்தில் கணக்குத் தப்பும்.

"தண்டட்டி போட்ட பாட்டி படம் வந்தா இன்னும் கஷ்டம். காது ஓட்டை வழியா பின்னாடி சுவர் தெரியும். மிஷின் அதையும் காதுன்னு விட்டுரும்" என்றார் கடைக்காரர்.

படத்தைப் பெரிதாக்கினார். வெளிச்சத்தைக் குறைத்தார். பனிக்குள் சட்டையின் தையல் லேசாகத் தெரிந்தது. அதைப் பிடித்துக் கொண்டே புள்ளி புள்ளியாகக் கோடு போட்டார். தோள் திரும்பி வந்தது.

"இது யாரு கை தம்பி?"

"கூட வேலை பார்க்குற மாமாண்ணே. வெளியிலதான் நிக்குறாரு."

"எடுத்திரவா?"

இளைஞர் தலையாட்டினார். விரல்கள் மறைந்தன.

கேள்வி கேட்காத கத்தரி

"யாரு கை" என்று கேட்டாரே, அந்தக் கேள்விதான் முக்கியம். அடுத்தவர் வீட்டுக் கல்யாண போட்டோவைக் கொண்டு வந்து "இந்தப் பொண்ணு முகத்தை மட்டும் வெட்டிக் கொடுங்க" என்பவர்களும் உண்டாம். "யாரு, எதுக்குன்னு கேப்பேன். பதில் சரியில்லைன்னா வேலை கிடையாது" என்கிறார்.

இன்று அந்தக் கத்தரி ஒவ்வொரு செல்போனிலும் இருக்கிறது. அது யாரையும் எதையும் கேட்காது! பெண்ணின் முகத்தை வெட்டி ஆபாசப் படத்தில் ஒட்டிப் பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-வது பிரிவு பாயும். முதல் முறையே 3 ஆண்டு வரை ஜெயில், 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். பாதிக்கப்பட்டவர்கள் படத்தையும் அது வந்த நம்பரையும் அழிக்காமல் வைத்துக் கொண்டு, போலீசிலோ தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ புகார் கொடுக்க வேண்டும்.

2 விநாடி வேலை 40 நிமிடம் ஆயிற்று. பகல் 1 மணிக்குள் டிசைன் அச்சகத்துக்குப் போனது. 3 மணிக்குத் தெருச் சுவரில் பசை காயாத போஸ்டரில் அப்பா நின்றார். இரண்டு தோளும் இருந்தன.

கிளம்பும்போது கடைக்காரர் நம்மிடம் சொன்னார்: "தம்பி, வீட்டுல பெரியவங்க இருந்தா நல்ல வெளிச்சத்துல தனியா ஒரு படம் எடுத்து வைக்கச் சொல்லி எழுதுங்க. வெள்ளைச் சட்டைன்னா பின்னாடி வெள்ளைச் சுவர் வேண்டாம்."

எழுதிவிட்டோம். எடுத்து வைப்பது உங்கள் பொறுப்பு!