கூரையில் தடுக்க வேண்டிய வெயில்

கொச்சித் துறைமுகத்தின் நடுவேயுள்ள வெலிங்டன் தீவின் பெரும்பகுதி இயற்கையில் தோன்றியதன்று. 1920-களிலும் 1930-களிலும் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் தலைமையில் துறைமுகம் ஆழப்படுத்தப்பட்டபோது, காயலிலிருந்து வாரிய மண்ணால் மேடாக்கப்பட்ட நிலம் அது. இத்தகைய நிலத்தில் வீட்டின் பாரம் கூடக்கூட அஸ்திவாரச் செலவும் கூடும். ஆகையால், வெயிலைத் தடுக்கச் சுவரைப் பருமனாக்குவது இங்கே செலவு மிக்கது, பயனும் குறைவு.

பருத்த சுவர் பகலில் உஷ்ணத்தை ஏற்று, குளிர்ந்த இரவில் வெளிவிடும். ராஜஸ்தானத்துக்கு அது பொருந்தும். கொச்சியிலோ கோடைப் பகலுக்கும் இரவுக்கும் உஷ்ணநிலை வேற்றுமை சுமார் 7 அல்லது 8 டிகிரிதான். சுவர் ஆறுவதற்கு இரவு போதாது. சுவருக்கு நிழலும், காற்றோடும் சன்னல்களும் வேண்டும். வெப்பத்தடுப்புக்கென உள்ள பணம் கூரைக்கே செல்ல வேண்டும். உச்சி வெயிலை நேரே ஏற்பது அதுவே.

மட்டாஞ்சேரியின் பழைய வீடுகளில் ஓட்டுக்கூரைக்கும் மரமச்சுக்கும் இடையிலுள்ள வெளி இக்காரியத்தைச் செய்தது. கான்கிரீட் தளம் வந்தபின் அவ்விடைவெளி மறைந்தது. வெற்றுத் தளம், ஒரு டிகிரி வேற்றுமைக்கு, சதுர மீட்டருக்கு 3 வாட்டுக்கு மேல் உஷ்ணத்தை உள்ளே விடுகிறது. 2018-இல் மத்திய மின்துறை அமைச்சகம் வெளியிட்ட ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் விதித்தொகுப்பு கூரைக்குக் குறித்த மேல்வரம்பு 1.2 வாட். தெர்மோகோல் என்று வழங்கும் பாலிஸ்டைரீன் பலகையை 2.5 செ.மீ. கனத்தில் தளத்தின்மேல் பரப்பினால் இது ஏறக்குறைய 1 வாட்டாக இறங்கும், 5 செ.மீ. பரப்பினால் 0.6. முதல் அங்குலம் செய்த வேலையில் சிறு பங்கையே இரண்டாவது அங்குலம் செய்கிறது என்பதைச் சிக்கனமாகக் கட்டுவோர் கவனிக்க வேண்டும்.

பலகையின் ஆற்றல் அதனுள் அடைபட்ட காற்றில் உள்ளது. நீரோ காற்றைவிடச் சுமார் 24 மடங்கு உஷ்ணத்தைக் கடத்தும். ஆண்டில் ஏறத்தாழ 300 செ.மீ. மழை பெய்யும் ஊரில், நீர்புகாப் பூச்சின்றிப் பலகை பரப்புவது வீண். தென்னைநார்ப் பலகை மேலும் எளிதில் ஈரமேற்கும். அதைத் தளத்தின் அடியில், வீட்டின் உட்புறம் பொருத்துவதே தகும்.

பலகை வாங்க இயலாதவர்க்கு, லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை உண்டு. தளம் வார்க்கும்போது கம்பிகளுக்கு நடுவே, கான்கிரீட்டுக்கு அதிக வேலையில்லாத கீழ்ப்பகுதியில், மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாக வைப்பார்கள். சிமெண்டும் பாரமும் குறையும். ஓடுகளுக்கிடையே சிறிது காற்றும் தங்கும். பலகை அளவுக்கு இது வெப்பத்தைத் தடுக்காது. எனினும் தளத்தின் மேற்புறத்துக்கு வெள்ளையடித்தால் வெயிலின் பெரும்பகுதி திருப்பப்படும். மழை அதைக் கரைத்துவிடுவதால், ஆண்டுதோறும் கோடைக்கு முன் மீண்டும் அடிக்க வேண்டும்.