12 நிமிஷம்

ஆங்கிலப் பத்திரிகைகளில் சனி ஞாயிறுகளில் வெளியாகும் பூடகமான குறுக்கெழுத்துப் புதிர்களிடம் நாம் பலமுறை தோற்றிருக்கிறோம். பரிசுப் பணத்துக்காக 1930-களில் தமிழ்ப் பத்திரிகைகள் நடத்திய போட்டிகளில் அதிர்ஷ்டத்துக்கும் இடமிருந்தது. இங்கே அதற்கு வேலையில்லை. பெரும்பாலான குறிப்புகளில் ஒரு பாகம் விடையின் பொருளைச் சொல்லும். மற்றொரு பாகம் அதே விடையை எழுத்துக்களைக் கலைத்தும் ஒட்டியும் காட்டும். எது எந்தப் பாகம் என்பதில்தான் சூது!

சிலவற்றில் அந்தப் பாகுபாடும் கிடையாது. ஹெச், ஐ, ஜே, கே, எல், எம், என், ஓ: இவ்வெட்டு எழுத்துக்களே ஒரு முழுக் குறிப்பு. விடை ஐந்தெழுத்துச் சொல். அரை மணி நேரம் விழித்தபின் நமக்கு விளங்கிற்று. வரிசை 'ஹெச்' முதல் 'ஓ' வரை செல்கிறது. இதை ஆங்கிலத்தில் 'ஹெச் டு ஓ' என்பார்கள். அதே ஒலியில் இரண்டு என்னும் எண்ணும் ஒளிந்திருக்கிறது. ரசாயன சாஸ்திரத்தில் 'ஹெச் டூ ஓ' என்பது தண்ணீர் அல்லவா? விடை 'வாட்டர்'. ஏமாந்த கோபம் போய்ச் சிரிப்பு வந்தது.

இந்த விளையாட்டை யுத்த இலாகாவும் கவனித்ததுண்டு. 1942 ஜனவரியில் லண்டன் 'டெய்லி டெலிகிராப்' பத்திரிகை தன் காரியாலயத்தில் வாசகர்களை அமர்த்தி, 12 நிமிஷத்துக்குள் ஒரு புதிரை முடிக்கச் சொல்லிற்று. ஐவர் முடித்தனர், அவர்களில் ஒருவர் எழுத்துப் பிழையால் தள்ளப்பட்டார், பாவம். வேறொருவருக்கு மணி அடித்தபோது ஒரே ஒரு சொல் பாக்கி. அவர் தோற்றவர் கணக்கில் சேர்ந்தார். பின்னர் யுத்த இலாகாவிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. ஜெர்மானியரின் சங்கேதச் செய்திகளை ரகசியமாக விடுவித்துப் படித்துவந்த பிளெட்சிலி பார்க்கில் அவர் வேலைக்கு அமர்ந்தார்.