மனமும் மதிப்பெண்ணும் – 11: சுமையைக் குறைப்பதும் சிகிச்சைதான்

மனச்சோர்வின் அறிகுறிகளைச் சென்ற வாரம் பார்த்தோம். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் துயரம், எதிலும் நாட்டமின்மை, தூக்கத்திலும் பசியிலும் மாற்றம், தீராத அசதி, காரணமற்ற குற்றவுணர்வு. அந்தப் பட்டியலில் நாம் எளிதாகக் கடந்துபோகும் ஒன்று உண்டு: கவனம் நிலைக்காமையும் முடிவெடுக்க முடியாமையும். படிக்கிற பிள்ளைக்கு இதுதான் பேரிடி. ஒரு பக்கத்தைப் படித்து முடிக்கும்போது அதன் முதல் வரி நினைவில் இருக்காது. ஐந்து பேப்பரில் எதை முதலில் எடுப்பது என்று யோசிப்பதிலேயே மாலைப்பொழுது போய்விடும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைச் சோம்பல் என்பார்கள், போன் செய்த கேடு என்பார்கள். நோயால் படிப்பு பின்தங்குகிறது, பின்தங்கிய படிப்பு நோயை வளர்க்கிறது. அதனால் பாடச்சுமையை அப்படியே தலையில் வைத்துவிட்டு மனத்தை மட்டும் தனியாகச் சரிசெய்துவிட முடியாது. சுமையை முறைப்படி குறைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான் என்பதே இந்த வாரம் நான் முன்வைக்கும் வாதம்.

பொறியியல் கல்லூரியின் ரெக்கார்ட் நோட்டை எடுத்துக்கொள்வோம். மனச்சோர்வில் இருக்கும் மாணவர் இரண்டு சோதனைகளை எழுதாமல் விடுகிறார். அடுத்த வாரம் லேபுக்குப் போனால் எல்லார் முன்னாலும் கேட்பார்கள், கையெழுத்து கிடைக்காது. அதனால் அன்றைக்கு லேபுக்குப் போவதில்லை. போகாததால் அந்த நேரத்துக்கு ஒரு நிம்மதி கிடைக்கிறது. சிக்கல் அந்த நிம்மதியில்தான் இருக்கிறது. தப்பித்தால் வலி குறையும் என்று மனம் கற்றுக்கொண்டு, அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகத் தப்பிக்கச் சொல்கிறது. இரண்டு சோதனை ஆறாகிறது, அட்டெண்டன்ஸ் சரிகிறது, இன்டர்னல் மதிப்பெண் போகிறது, செமஸ்டர் முடிவில் அரியர் வந்து நிற்கிறது. ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணத்துக்கு இப்போது கையில் ஆதாரமே இருக்கிறது. இந்த நிலையில் ‘ஒழுங்காக உட்கார்ந்து படித்தால் எல்லாம் வந்துவிடும்’ என்ற அறிவுரையால் குற்றவுணர்வு கூடுமே தவிர, ரெக்கார்டில் ஒரு பக்கம்கூட நிரம்பாது.

இந்தச் சுழலை எங்கே அறுப்பது? உற்சாகம் வந்த பிறகு வேலையைத் தொடங்கலாம் என்றுதான் இயல்பாகத் தோன்றும். ஆய்வுகளோ வேறு வழியைக் காட்டுகின்றன. அமெரிக்க உளவியலாளர் நீல் ஜேக்கப்சன் 1996-இல் தம் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வில், சிந்தனைமுறையை மாற்றும் முழுச் சிகிச்சையைப் பெற்றவர்களும், அன்றாடச் செயல்களை மெல்ல மீட்டெடுக்கும் பகுதியை மட்டும் பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறினார்கள். செயல் முதலில், உற்சாகம் பிறகு என்ற இந்த வழி நம் நாட்டுக்கும் பொருந்துமா என்று கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேல் குழுவினர் சோதித்தார்கள். மனநலப் பட்டம் எதுவும் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேசினார்கள். மூன்று மாதங்களில் அவர்களிடம் வந்தவர்களில் 64 சதவீதம் பேர் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் இது 39 சதவீதம். அங்கே பங்கேற்றவர்கள் மாணவர்கள் மட்டுமல்லர், பல வயதிலும் உள்ள பெரியவர்கள். ஆனால் தப்பித்தலும் தேக்கமும் எந்த வயதிலும் ஒரே விதமாகத்தான் வேலை செய்கின்றன.

இந்த வழிக்கு ஒரு நிபந்தனை உண்டு. எடுக்கும் செயல் முடிக்கக்கூடிய அளவில் சிறியதாக இருக்க வேண்டும். எட்டு அரியரோடு நடப்பு செமஸ்டரின் ஆறு பேப்பரையும் சேர்த்து வைத்துக்கொண்டு ‘சிறிதாகத் தொடங்கு’ என்றால் அதில் பொருளில்லை. இங்கேதான் கல்லூரி விதிகள் கைகொடுக்கின்றன. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் நான்காண்டு பி.இ. படிப்பை முடிக்க 14 செமஸ்டர்கள் வரை அவகாசம் உண்டு. 75 சதவீத வருகை இல்லாவிட்டாலும், வருகை 65 சதவீதத்துக்குக் குறையாமல் மருத்துவக் காரணமும் இருந்தால் விலக்குக் கேட்கலாம். அனுமதி பெற்று ஓராண்டு ‘பிரேக் ஆஃப் ஸ்டடி’ எடுக்கலாம். அந்த ஓராண்டையும் சேர்த்து ஐந்தாண்டுக்குள் முடித்தால், உரிய மதிப்பெண் உள்ளவருக்கு முதல் வகுப்பே கிடைக்கும். தன்னாட்சிக் கல்லூரிகளில் விதி சற்று மாறலாம். சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்கு வராமல் நின்றுவிடும் பிள்ளைகள் பலருக்கு இப்படியொரு வாசல் இருப்பதே தெரியாது.

‘இப்படிச் சலுகை கொடுத்தால் எல்லாரும் மனச்சோர்வு என்று சீட்டு வாங்கி வருவார்களே’ என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்வி. சிலர் அப்படிச் செய்யவும் கூடும். ஆனால் இங்கே மாறுவது காலம் மட்டும்தான். வினாத்தாளும் தேர்ச்சி மதிப்பெண்ணும் அப்படியே இருக்கின்றன. தமிழ்நாட்டில் இதற்கு முன்னுதாரணமும் உண்டு. பொதுத்தேர்வில் தோற்ற மாணவர் ஓராண்டை இழக்காமல் உடனே துணைத்தேர்வு எழுதும் முறைக்காக, சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ‘சினேகா’வின் நிறுவனர் டாக்டர் லட்சுமி விஜயகுமார் வாதாடினார். அந்த முறை வந்தபோது கல்வித்தரம் சரிந்துவிடவில்லை. இன்னொரு வாய்ப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்ற உறுதிதான் பிள்ளைகளுக்குக் கிடைத்தது.

பெற்றோர் தரப்பிலிருந்து ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு குரல்கள் வருகின்றன. ‘முதலில் உடம்பு தேறட்டும், படிப்பைப் பிறகு பார்க்கலாம்’ என்பது ஒன்று. அன்பிலிருந்து வருகிற சொல்தான். ஆனால் புத்தகத்தை முற்றிலும் மூடிவைத்தால் தப்பித்தலே வாடிக்கையாகிவிடும். தவிர, மனம் தெளிந்த பிறகும் கவனமும் நினைவாற்றலும் பலருக்குத் தாமதமாகவே திரும்புகின்றன. தேறிவிட்டான் என்று முழுச் சுமையையும் ஒரே நாளில் ஏற்றினால் மறுபடி சரிவு வரும். முடிந்தவரை ஒரே ஒரு பேப்பரோடாவது தொடர்பு இருப்பது நல்லது. நோய் கடுமையாக இருந்தால் அதையும் சிலகாலம் நிறுத்தலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். இன்னொரு குரல், ‘ஒரு வருஷம் போனால் பிளேஸ்மென்ட் போய்விடும்’ என்பது. வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்கள் பல, தீராத அரியர் உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை என்பது உண்மைதான். அப்படியென்றால் அரியரைக் குவித்துக்கொண்டு கால அட்டவணையை மட்டும் காப்பாற்றுவதால் என்ன லாபம்? ஐந்தாண்டில் முடித்த பட்டம், நான்காண்டில் பாதியில் நின்ற படிப்பைவிட எல்லா வகையிலும் மேல்.

ஆகவே செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மருத்துவர். ரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் இதே சோர்வைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் தேவை. மாத்திரை எழுதித் தந்தால் அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், நடுவில் நிறுத்தக்கூடாது. அடுத்து, பிள்ளையோடு பெற்றோரில் ஒருவர் கல்லூரிக்குப் போய்த் துறைத் தலைவரைப் பார்த்து விதிப்படி விண்ணப்பம் தர வேண்டும். தனியாகப் போகச் சொல்லாதீர்கள், அந்தக் கதவைத் தட்டுவதுதான் அவர்களால் முடியாத காரியம். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகரை நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டிருக்கிறது, அவரைக் கேட்டுப் பெறுங்கள். மூன்றாவதாக, ஒரு பேப்பர், அதில் ஒரு யூனிட், ஒரு நாளைக்கு அரைமணி நேரம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் இந்த வரிசைக்கெல்லாம் காத்திருக்காமல் இன்றே மனநல உதவி எண்ணான 14416-ஐ அழையுங்கள், எந்நேரமும் தமிழில் பேசலாம். அரியர் எழுத அடுத்த நவம்பர் இருக்கிறது, அதற்கடுத்த ஏப்ரலும் இருக்கிறது. அதுவரை பிள்ளையைத் தாங்கிப் பிடிப்பது வீட்டின் வேலை, கல்லூரியின் வேலை. வீட்டில் இதைப் பற்றி எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)