ஃபேன் ஓடுது... புழுக்கம் போகலையே!

"ஃபேன் அஞ்சுல ஓடுது. ஆனாலும் மேலேருந்து அனல்தான் இறங்குது. பி.எல்.டி.சி ஃபேன் வாங்கலாமா, இல்ல ஏர் கூலர் வாங்கலாமா?"

பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள கோட்டைக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி இப்படிக் கேட்டிருக்கிறார். அவருடைய வீட்டுக்காரர் இரவில் பாட்டுக்குப் போய் இறால் பிடிப்பவர். விடிந்து கரையேறினால் பகலில்தான் கண் அசர முடியும். அக்னி நட்சத்திரத்தில் அந்தத் தூக்கமும் கெட்டால், மறுபடி இரவெல்லாம் தண்ணீரில் எப்படி நிற்பது? கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் முடிகிற விஷயம் இல்லை என்பதால் இங்கே விரிவாகப் பார்ப்போம்.

கூலரை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலுள்ள சூட்டை எடுத்துக்கொள்ளும். கூலரின் வேலையே அதுதான். காற்று வறண்டு கிடக்கும் உள்மாவட்டங்களில் அது பலன் தரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி என்று இருக்கும் ஊரில் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. அங்கே கூலர் போட்டால், அதுவும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு போட்டால், புழுக்கம் இன்னும் கூடும். அந்தப் பணத்தை வலைக்குச் செலவு செய்யலாம்.

இனி ஃபேன். ஃபேன் அறையைக் குளிர வைப்பதில்லை, ஆளைத்தான் குளிர வைக்கிறது. உடம்பை ஒட்டி நிற்கும் சூடான காற்றைத் தள்ளி, வியர்வையைச் சீக்கிரம் ஆவியாக்குகிறது. அதனால் இரண்டு மூன்று டிகிரி குறைந்ததுபோல் நமக்குத் தெரிகிறது. அறையின் சூடு அப்படியே இருக்கும். மோட்டார் சூட்டால் ஒரு துளி கூடவும் செய்யும். "கொஞ்ச நேரம் ஓடட்டும், ரூம் குளிரட்டும்" என்று ஆளில்லாத அறையில் ஓட விடுவது கரண்டுக்குத்தான் கேடு. வெயில் 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஃபேனை நம்பாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. அந்தச் சூட்டில் ஃபேன் காற்றே உடம்பைச் சூடாக்கிவிடும். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டு, நிழலில் இருந்து, தண்ணீர் குடிப்பதுதான் அப்போது வழி.

அனல் இறங்குவது ஃபேனின் குற்றம் இல்லை, கூரையின் குற்றம். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடலோரத்தில் பல குப்பங்களில் கீற்று வீடுகள் போய் கான்கிரீட் வீடுகள் வந்தன. புயலுக்கு அவை பாதுகாப்பு, மறுக்க முடியாது. ஆனால், கீற்றுக்கு இருந்த குளிர்ச்சி போய்விட்டது. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, பொழுது சாய்ந்த பிறகு நிதானமாக உள்ளே இறக்கும். சிமென்ட் ஷீட்டோ உச்சி வெயிலில் உடனே இறக்கிவிடும். அந்தச் சூட்டைத்தான் ஃபேன் வாரிக் கீழே தள்ளுகிறது. எந்த ஃபேனை மாற்றினாலும் அது தள்ளத்தான் செய்யும்.

எனவே முதல் செலவு கூரைக்கு. மாசி, பங்குனியில் மொட்டை மாடியைக் கூட்டிக் கழுவி, ஈரம் இருக்கும்போதே சுண்ணாம்பை ஃபெவிகால் கலந்து இரண்டு முறை அடியுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பானாலும் சரி, கல் சுண்ணாம்பானாலும் சரி. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். மழை கரைத்துவிடும் என்பதால் வருஷா வருஷம் அடிக்க வேண்டியிருக்கும். சுண்ணாம்பு கண்ணில் படக் கூடாது. ஷீட் கூரையாக இருந்தால் அதன்மேல் ஏறி நடக்காதீர்கள், உடைந்து ஆளை இறக்கிவிடும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் காயவைத்துச் சுரண்டவும் கூடாது; அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம்.

அடுத்தது கடற்காற்று. கோடையில் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் அது உள்ளே வரும். அதுவரை வெயில் படுகிற ஜன்னலைச் சாத்தி, சாக்கோ பழைய சேலையோ தொங்கவிடுங்கள். காற்று திரும்பியதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். ஏரிக்கரையில் கொசுவுக்குப் பயந்து சாயங்காலமே ஜன்னலைச் சாத்திவிடுகிறார்கள். ஜன்னலுக்கு வலை அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. கட்டிலைச் சுற்றிக் கொசுவலை கட்டுவதும் நல்லதுதான், ஆனால் ஃபேன் காற்றில் ஒரு பங்கை அது தடுத்துவிடும். 2011-க்குப் பிறகு அரசு கொடுத்த விலையில்லா ஃபேன் பரணில் கிடந்தால் எடுங்கள். இரவில் வெளிக்காற்று வரும் ஜன்னல் ஓரம், முகம் உள்ளே பார்க்கும்படி வைத்தால், சீலிங் ஃபேனைவிட அதுவே சுகம் தரும்.

பி.எல்.டி.சி: யாருக்கு லாபம்?

சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். இரண்டு ஃபேன் என்றால் 108. அதாவது, 2016 மே மாதம் அறிவிக்கப்பட்ட 100 யூனிட் இலவச மின்சாரத்தை ஃபேனே தின்றுவிடும். 30 வாட் பி.எல்.டி.சி ஃபேன் அதே நேரத்துக்கு 22 யூனிட்தான் எடுக்கும். ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம்.

ஆனால், உங்கள் கணக்கு ஏற்கெனவே இலவசத்துக்குள் அடங்குகிறது என்றால், பி.எல்.டி.சி வாங்குவதால் பில்லில் ஒரு ரூபாயும் மிச்சமாகாது. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். இலவசத்தைத் தாண்டுகிறவர்கள் யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்துக்கு 160 ரூபாய் மிச்சம். கூடுதல் விலை 1,500 ரூபாய் என்றால் ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும், போட்டது திரும்பிவர. 500 யூனிட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் வீட்டுக்குத்தான் உடனடி லாபம். அந்தக் கோட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களும் யோசிக்காமல் வாங்கலாம். வர்தா மாதிரிப் புயலில் கரண்ட் போனால், அதே பேட்டரியில் இரண்டு மடங்கு நேரம் ஓடும். லோ வோல்டேஜிலும் வேகம் குறையாது.

2023 ஜனவரி 1 முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். முத்திரையோடு, பெட்டியில் போட்டிருக்கும் வாட்டையும் காற்றின் அளவையும் பாருங்கள். 48 அங்குல ஃபேன் நிமிடத்துக்கு 210 கன மீட்டராவது காற்று தள்ள வேண்டும். ரிமோட் ஃபேனைப் பழைய ரெகுலேட்டர் வழியாக இணைக்கக் கூடாது, ரெகுலேட்டரை எடுத்துவிட்டு நேராகக் கொடுக்கச் சொல்லுங்கள். உப்புக்காற்று இந்த ஃபேனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டை அரிக்கும் என்பதால், வாரண்டி எத்தனை வருஷம், பழுது பார்க்கும் ஆள் பொன்னேரியில் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் உடனே தூக்கிப் போடாதீர்கள். பெரும்பாலும் கண்டன்சர்தான் போயிருக்கும். சில பத்து ரூபாயில் முடிகிற வேலை. றெக்கையில் படியும் உப்பும் தூசியும் காற்றைக் குறைக்கும். மெயினை நிறுத்திவிட்டு மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். றெக்கை தரையிலிருந்து ஏழு அடிக்குக் குறையக் கூடாது, தளத்திலிருந்து ஓர் அடியாவது தள்ளி இருக்க வேண்டும். தாழ்ந்த ஷீட் வீட்டில் இதற்கு இடம் இருக்காது. அங்கே சுவர் ஃபேன்தான் சரி.

துடைக்கும்போது மேலே இருக்கும் கிண்ணத்தை இறக்கி, கொக்கியையும் போல்ட்டையும் அதில் செருகியிருக்கும் பின்னையும் பார்த்துவிடுங்கள். கடலோரத்தில் துரு அங்கேதான் மறைந்திருந்து தின்னும். செதில் செதிலாக உதிர்ந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றும்வரை அந்த ஃபேனைப் போடாதீர்கள், அதன் கீழே படுக்கவும் வேண்டாம்.